முதுகில் இரண்டு கம்பிகள்

என் முதுகு வளைவது எங்கள் வீட்டில் முதலில் ஜாக்கெட்டில்தான் தெரிந்தது.

என் கணவர் தையல்காரர். அக்கரப்பத்தனை பஜாரில் பேக்கரிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் போட்ட ஜாக்கெட் எல்லாம் அவர் தைத்தவை. அளவெடுக்க மாட்டார், என் அளவு அவருக்கு மனப்பாடம். ஒரு கிறிஸ்மஸுக்கு அவர் தைத்துத் தந்ததைப் போட்டுப் பார்த்தபோது பின்பக்கம் இடுப்பை விட்டு மேலே ஏறி நின்றது. முன்பக்கம் துணி மிஞ்சிச் சுருங்கிக் கிடந்தது. கத்தரி தவறிவிட்டது என்று நினைத்து, பிரித்துத் தைத்தார். அடுத்த ஜாக்கெட்டும் அப்படியே ஆனது. அதன் பிறகு நாடாவை எடுத்து வந்து, என்னை ஜன்னலோரம் நிற்க வைத்து, முன்னும் பின்னும் அளந்தார்.

"முதுகு நீண்டுருக்கு, நெஞ்சு குறைஞ்சிருக்கு" என்றார்.

வயசாகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்போதே எனக்குப் பார்க்கின்சன் நோய் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அது கரும்பலகையில் தொடங்கியது. நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். பெரிதாக ஆரம்பிக்கும் என் எழுத்து வரியின் கடைசிக்குப் போகும்போது சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசி வாங்குப் பலகையில் இருந்த ஒரு பிள்ளை, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிப் போகிறது என்று சொன்னாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு வலது கை ஆடத் தொடங்கியது. கண்டி ஆஸ்பத்திரியில் நரம்பு டொக்டர் பார்த்து நோயின் பேரைச் சொன்னார், மாத்திரை தந்தார். மாத்திரையை நேரத்துக்குப் போட்டால் கை அடங்கும், கால் பிடிக்காமல் நடக்கும். அப்படியே ஓய்வு பெறும் வரை ஓட்டிவிட்டேன். அந்த நோயோடு ஒரு மாதிரி ஒத்துப்போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம்.

முதுகு அப்படி ஒத்துப்போகவில்லை.

காலையில் கட்டிலை விட்டு எழும்போது நேராகத்தான் இருப்பேன். வீட்டுப் படியிறங்கி ரோட்டுக்கு வந்து, பஜாரைப் பார்த்து நடக்கத் தொடங்கினால், யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து அமுக்குவது போல உடம்பு முன்னால் மடியும். முனியாண்டி கோயில் வளைவைத் தாண்டுவதற்குள் என் கண்ணுக்குத் தார் ரோட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. பஜாருக்குப் போய்ச் சேரும்போது எதையோ தொலைத்துத் தேடுகிறவளைப் போல இருப்பேன்.

ஒருநாள் அப்படியே ஆகிவிட்டது. ஓட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தேன். ஒரு ஓட்டோக்காரத் தம்பி வந்து, என்ன டீச்சர் தொலைச்சீங்க என்று கேட்டான். நோயை நடுரோட்டில் விளக்குவதற்குக் கூச்சமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: தோட்டுத் திருகாணி. அவன் உடனே குனிந்து தேடினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு ஓட்டோக்காரர்கள் வந்தார்கள். மரக்கறிக் கடை அம்மா வந்தார். பாடசாலை விட்டு வந்த என் பழைய மாணவிகள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தேடினார்கள். சத்தம் கேட்டு என் கணவர் கடையை விட்டு இறங்கி வந்தார். வந்தவர் என் காதைப் பார்த்தார். இரண்டு தோடும் திருகாணியோடு பத்திரமாக இருந்தன. அவர் என்னையும் பார்த்து, குனிந்து கிடந்த பாதி பஜாரையும் பார்த்து, பிறகு தானும் சேர்ந்து குனிந்து தேடினார். கொஞ்ச நேரம் கழித்து, கிடைச்சிருச்சு, எல்லாரும் போங்க என்று எதையோ பையில் போட்டுக்கொள்வது போல நடித்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

எங்கள் பக்கத்தில் வளைந்த முதுகு ஒரு புதினமான விஷயமில்லை. என் அம்மா பத்துப் பன்னிரண்டு கிலோ தேயிலைக் கொழுந்தை முதுகில் சுமந்து மலையேறியவள், கடைசியில் வளைந்துதான் நடந்தாள். தோட்டத்து லயன் வீடுகளில் அந்த வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான். அதனால் என்னைப் பார்த்தவர்கள் யாரும் நோய் என்று நினைக்கவில்லை. கூடையே தூக்காத டீச்சருக்கும் கூன் விழுந்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டதோடு சரி. நானும் அம்மாவின் உடம்பு எனக்கு வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மனிதர்கள் எனக்குக் கால்களாகத்தான் தெரிந்தார்கள். செருப்பை வைத்து ஆளை அடையாளம் கண்டு வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் போதகரின் பழுப்புச் சப்பாத்தைப் பார்த்து, ஸ்தோத்திரம் ஐயா, போன வாரப் பிரசங்கம் மனசுக்கு இதமாக இருந்தது என்று சொன்னேன். ரொம்ப சந்தோஷம் டீச்சர், ஆனா நான் மணியடிக்கிறவன் என்றது ஒரு குரல். போதகர் பழைய சப்பாத்தை அவருக்குக் கொடுத்திருந்தார்.

இவற்றையெல்லாம் சிரித்துக் கடந்தேன். பாட்டு நின்றதைத்தான் கடக்க முடியவில்லை. எங்கள் சர்ச் தேயிலை மலைக்கு நடுவில் கருங்கல்லில் கட்டியது. அதன் பாடகர் குழுவில் நான் சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து பாடி வந்தேன். உடம்பு வளைந்த பிறகு வயிறும் நெஞ்சும் ஒன்றை ஒன்று அழுத்தின. ஒரு வரியைப் பாடி முடிக்க மூச்சுக் காணாது. குழுவை நடத்துகிறவரின் கை எப்போது எழும்புகிறது என்று தெரியாது. என் பாட்டு என் சேலைக் கொசுவத்துக்குள்தான் போய் விழுந்தது. மற்றவர்கள் முடித்த பிறகு நான் தனியாக ஒரு சொல்லை இழுத்துக்கொண்டிருந்த அன்று, தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கீழே வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு பாடகர் மேடைக்குப் போகவில்லை.

கண்டி கிளினிக்கில் அடுத்த தடவை போனபோது என் நரம்பு டொக்டர் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு கட்டிலில் படுக்கச் சொன்னார். படுத்தேன். தலையணை இல்லாமல், பலகை மாதிரி நேராகப் படுத்தேன். அவர் என் கணவரை அருகில் கூப்பிட்டுக் காட்டினார். எலும்பு வளைந்து இறுகிப்போயிருந்தால் படுக்கும்போதும் அப்படியே இருக்கும். இது நிற்கும்போது மட்டும் மடிகிறது. உடம்பை நிமிர்த்திப் பிடிக்கிற தசைகள் பார்க்கின்சனால் அந்த வேலையைச் செய்வதில்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்றார். அம்மா படுக்கையிலும் சுருண்டுதான் படுப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்னுடையது அவளுடைய முதுகு இல்லை.

உடனே ஒப்பரேஷனுக்குப் போகவில்லை. மாத்திரையின் அளவை மாற்றிப் பார்த்தார்கள். பயிற்சி சொல்லித் தந்தார்கள். சுவரில் முதுகை ஒட்டி நின்று கையை மேலே தூக்குவது, குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவது. முதுகில் கனம் தொங்கினால் சிலருக்கு உடம்பு பின்னால் இழுபடும் என்று பயிற்சி கொடுக்கும் மிஸ் சொன்னார். என் கணவர் அதற்கென்று தடித்த காக்கித் துணியில் ஒரு பை தைத்தார். உள்ளே அரிசிப் பொட்டலம். அதைப் போட்டுக்கொண்டு நான் ரோட்டில் நடக்க, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், டீச்சரும் மலைக்கு வேலைக்கு வந்துவிட்டார் என்று மேலிருந்து கூப்பிட்டுச் சிரித்தார்கள். கொஞ்சம் உதவியது. ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் செய்தோம். பிறகு அதுவும் போதாமல் போய், சோறு சாப்பிடும்போது எதிரில் இருக்கிறவரின் முகம் தெரியாமல் ஆன பிறகுதான், கொழும்பில் முதுகெலும்பு ஒப்பரேஷன் செய்கிற டொக்டர் ஒருவரிடம் அனுப்பினார்கள்.

அவர் சிங்களவர். இளம் வயதில் மட்டக்களப்பில் வேலை பார்த்தவர், அங்கே படித்த தமிழில் பேசினார். எங்கள் மலைநாட்டுக் காதுக்கு அந்தத் தமிழ் ஒரு தினுசாக இருந்தது, ஆனால் ஒரு சொல்லும் மறைக்காமல் பேசினார். முதுகின் இரண்டு பக்கமும் இரண்டு கம்பிகளை வைத்து, எலும்புக்கு எலும்பு திருகாணி போட்டு இறுக்குவது என்று படம் வரைந்து காட்டினார். நெஞ்சுக்குப் பின்னாலிருந்து இடுப்பெலும்பு வரை போகும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். எலும்பு மெலிந்திருக்கும், திருகாணி கழன்றுகொள்ளலாம், புண்ணில் கிருமி சேரலாம், இரண்டாம் தடவை திறக்க வேண்டி வரலாம். நோய் இருந்தபடியே இருக்கும். ஒன்றும் கெடாமல் நடந்தாலும் இனி இடுப்பை வளைத்துக் குனிய முடியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நேரே கேக்கிறன். நிமிர்ந்து நிண்டு என்ன செய்யப் போறீங்க?"

யாரும் அதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"பாடணும் டொக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அது நல்ல காரணம், வீட்டில் கதைத்து முடிவெடுங்க என்றார்.

வீட்டில் கதைத்தது ஒரு மாதம் போனது. எங்கள் ஒரே மகள் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு விருப்பமில்லை. அந்த டொக்டர் சொன்ன ஆபத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். அம்மா குனிந்திருந்தாலும் இருக்கிறாளே, அது போதும் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. போனில் அழுதாள், நேரில் வந்து கோபப்பட்டாள். அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. என் கணவர் எந்தப் பக்கமும் சேராமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டு நேரத்தில் எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அவள் என் பக்கத்தில் நின்றாள். முதல் பாட்டு முடியும்வரை நான் தரையைப் பார்த்தபடி மூச்சுக்குத் திணறி வரிகளை விட்டுவிட்டதை அவள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, அவள் சொன்னது இவ்வளவுதான்:

"சரிம்மா. செய்வோம். ஆனா உங்க மாத்திரை விஷயத்த நான்தான் பார்ப்பேன்."

பார்த்தாள். பார்க்கின்சன் மாத்திரை தாமதமானால் எனக்கு உடம்பு மரக்கட்டையாகிவிடும், அதனால் ஒப்பரேஷன் நாளிலும் எப்போது எப்படிக் கொடுப்பது என்று டொக்டரிடமும் வார்ட் நர்ஸ் மிஸ்மாரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டு அவர்களை ஒரு வழி பண்ணிவிட்டாள். அவள் வருவதைக் கண்டாலே, அம்மா மாத்திரை போட்டுட்டாங்க என்று மிஸ்மார் தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்களாம்.

ஒப்பரேஷன் எனக்குத் தெரியாமலே முடிந்தது. அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். மயக்க மருந்தும் வலி மருந்தும் என் நோயும் சேர்ந்து புத்தியைக் கலக்கிவிட்டன. வார்ட் எனக்கு வகுப்பறையாகத் தெரிந்திருக்கிறது. சுத்தமான குரலில் பேர் சொல்லி வரவு கூப்பிட ஆரம்பித்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில் நோயாளிகள், மிஸ்மார், தரை துடைக்க வந்தவர் எல்லாரையும் நேராக உட்காரச் சொன்னேனாம். டொக்டர் என்னைப் பார்க்க உள்ளே வந்தபோது, மணியடித்து எவ்வளவு நேரமாகிறது, இப்போதுதான் வருகிறாயா என்று அதட்டியிருக்கிறேன். அந்த மனுஷன் கட்டில் காலடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஓம் டீச்சர், வந்திட்டன்" என்றாராம். உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு நான் தூங்கிப்போனேன். மகள் பயந்துபோய் அழுதிருக்கிறாள். இரண்டொரு நாளில் தெளியும் என்று டொக்டர் அவளைத் தேற்றினார். தெளிந்தது. தெளிந்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வலி இருந்தது. அதை இல்லை என்று சொன்னால் பொய். திரும்பிப் படுப்பதே ஒரு பெரிய வேலையாக இருந்தது. ஆனால் நிற்க வைத்த காலைப்பொழுதைப் பற்றித்தான் எனக்கு எழுத ஆசை.

பயிற்சி மிஸ் ஒரு பக்கமும் உதவியாளர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். நெஞ்சைச் சுற்றிக் கெட்டியான பெல்ட். கால் தரையில் பட்டது. எழுந்தேன். வழக்கம் போல இதோ மடியப் போகிறேன் என்று உடம்பு காத்திருந்தது. மடியவில்லை. தரை தூரத்தில் இருந்தது. எதிரில் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு மாமரம், அதன் உச்சியில் ஒரு காகம். அந்தக் காகத்தை நான் பார்த்த மாதிரி வேறு யாரும் ஒரு காகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு என் கணவர் முன்னால் வந்து நின்றார். கட்டிலில் படுத்தபடி தினமும் பார்த்த முகம்தான். ஆனால் நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. அவர் கண்ணைத் தேடி நான் நேரே பார்த்தால் அங்கே அவருடைய வழுக்கை இருந்தது. கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தினேன். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கல்யாணத்தின்போதே நான் அவரை விட உயரம். போட்டோ எடுக்கும்போது ஸ்டூடியோக்காரர் அவர் காலுக்கடியில் ஒரு பலகையை வைத்தார். வளைந்து வளைந்து நான் குள்ளமாகிப்போனதில் இருவருமே அதை மறந்துவிட்டோம்.

அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபடியும் பலகை வாங்கணும் போல இருக்கே டீச்சர்" என்றார்.

சிரித்ததில் முதுகு முழுவதும் வலித்தது. மிஸ் இரண்டு பேரையும் அதட்டி என்னை உட்கார வைத்தார். பிறகு எக்ஸ்ரே படத்தைப் பார்க்கத் தந்தார்கள். ஏணி மாதிரி இரண்டு கம்பி, இரு பக்கமும் வரிசையாகத் திருகாணி. என் கணவர் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு பஜாரில் தேடிய திருகாணி எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. வார்டில் வைத்தே அதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அரைகுறையாகத் தமிழ் தெரிந்த பக்கத்துக் கட்டில் அம்மா அதை மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொல்ல, வார்டே சிரித்தது.

எல்லாம் அப்படியே சுகமாக முடிந்துவிடவில்லை. மகள் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸில் தங்கி, பெல்ட்டோடு நடந்து பழகி, ஊருக்குத் திரும்பி, மழைக்காலம் முடிவதற்குள் இடுப்பில் ஒரு புது வலி வந்தது. கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினேன். டொக்டர் முன்கூட்டியே சொன்னதுதான்: கீழே இரண்டு திருகாணி கழன்றிருந்தன. மறுபடியும் கொழும்பு, மறுபடியும் அதே வார்ட். அந்தச் சமயம்தான் நான் உண்மையில் தளர்ந்துபோனது. வேண்டாத வேலையில் இறங்கி எல்லாரையும் அலைக்கழிக்கிறேனோ என்று மகளிடம் கேட்டேன். ஒப்பரேஷனே வேண்டாம் என்று அழுதவள் அவள். இப்போது என் தலையை வாரிக்கொண்டே, "நிமிர்ந்துட்டீங்க, இனி விடக்கூடாது" என்றாள். இரண்டாம் தடவை பெரிய திருகாணியாகப் போட்டு இறுக்கினார்கள். புத்தி கலங்கவில்லை. அதில் டொக்டருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன். இன்றைக்கு வரவு கூப்பிடவில்லையா என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்தத் திருகாணிகள் இன்றுவரை அசையவில்லை.

கம்பி வைத்த முதுகோடு வாழ்வதற்குத் தனியாகப் பழக வேண்டும். கீழே விழுந்த எதுவும் எனக்குச் சொந்தமில்லை. கரண்டி விழுந்தால் அது விழுந்ததுதான், யாராவது வரும்வரை அங்கேயே கிடக்கும். செருப்பு வார் போட என் கணவர் முன்னால் குந்தி உட்கார வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே இந்த நிபந்தனையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பார். தையல் கடையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்க அவர் வைத்திருந்த காந்தத்தை ஒரு குச்சியில் கட்டித் தந்தார். அதனால் ஊசி, சேப்டி பின், சின்னச் சாவி எல்லாவற்றையும் நானே எடுப்பேன். ஓட்டோவில் ஏறுவதுதான் பெரிய வித்தை. குனியாமல் ஏற முடியாது, குனியவும் முடியாது. முதலில் பின்பக்கமாக சீட்டில் உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, பொம்மையைத் திருப்புவது போல மொத்தமாகத் திரும்ப வேண்டும். அன்றைக்கு என்னோடு சேர்ந்து தேடிய அதே தம்பிதான் இப்போதும் என்னை ஏற்றிச் செல்கிறான். தலை இடிக்காமல் இருக்க ஓட்டோவின் மேல் கம்பியில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறான்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு நான் மறுபடியும் பாடகர் குழுவில் நின்றேன்.

என் கணவர் அதற்கென்று ஒரு ஜாக்கெட் தைத்தார். பழைய மனப்பாடம் உதவாது, வளைந்த காலத்து அளவும் உதவாது. எனவே புதுப் பெண்ணுக்கு அளவெடுப்பது போல நாடாவோடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். சர்ச் முழுவதும் காணிக்கையாக வந்த மரக்கறி. பீடத்தைச் சுற்றி லீக்ஸ் கட்டுகளும் கரட்டும் முட்டைக்கோவாவும் குவிந்திருந்தன. கொழுந்து ஒரு கூடை நிறைய. யாரோ ஒருவர் உயிருள்ள சேவலைக் கொண்டுவந்து கடைசி வாங்கின் காலில் கட்டியிருந்தார். மணியடிக்கிறவர் வாசலில் என்னைப் பார்த்துத் தன் காலைக் காட்டி, இன்றைக்கும் நான்தான் டீச்சர் என்றார். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னேன். அவருக்கு இவ்வளவு அழகான பல்வரிசை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

குழுவோடு நின்றேன். நடத்துகிறவரின் கை உயர்ந்தது, எனக்கு அது தெரிந்தது. மூச்சை இழுத்தேன். அது நெஞ்சோடு நிற்காமல் கீழே, வயிறு வரை போனது. முதல் வரி முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. என் குரல் பழைய குரல் இல்லை. பார்க்கின்சன் குரலையும் மெலிய வைத்துவிடும், பக்கத்தில் நின்ற பெண்ணுக்கே சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் எல்லாரோடும் தொடங்கி எல்லாரோடும் முடித்தேன். இடையில் கடைசி வாங்கின் சேவல் கூவியதில் சின்னப் பிள்ளைகள் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்து ஒரு வரி போய்விட்டது. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களின் ஏலம் நடந்தபோது அந்தச் சேவலை ஏலத்தில் எடுத்தவர் என் கணவர்தான். அதைக் கறியாக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. இப்போது அது பின்வாசலில் ராஜாவாக உலாவுகிறது.

நோய் அதன் பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. கை ஆடுகிறது. சில நாள் மாத்திரை வேலை செய்யப் பிந்தும், அப்போது வாசற்படியைத் தாண்ட என் கால் யோசிக்கும். இதை எழுதுவது மகள் வாங்கித் தந்த போனில், வாயால் சொல்லி. அது என் மலைநாட்டுத் தமிழைப் பாதி விளங்கிக்கொள்கிறது, மீதியைத் தன் இஷ்டத்துக்கு எழுதிவிடுகிறது. மகள் வந்தால் திருத்துவாள்.

பிற்பகலில் மழை விட்டால் மலை ரோட்டில் நடப்பேன். கையில் ஒரு தடி, பக்கத்தில் சில நாள் அவர், சில நாள் யாருமில்லை. நேற்று நான் தனியாகத்தான் போனேன். பனி விலகி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கையை வாய்க்கு வைத்துக் கூப்பிட்டாள்.

"டீச்சர், எங்க போறீங்க?"

நான் நின்று, மொத்தமாகத் திரும்பி, அண்ணாந்து பார்த்தேன். சிவப்புத் துணி கட்டியிருந்தாள், நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தி.

"எங்கயும் இல்ல. சும்மா பாத்துட்டு வாரேன்" என்றேன்.

அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, கையை ஆட்டினாள். நானும் தடியை உயர்த்தி ஆட்டிவிட்டு, அடுத்த வளைவை நோக்கி நடந்தேன்.